கத்தரிக்காய்க்கு நான்கு சக்கரம்

தராசு 5.1 அவுன்ஸ் காட்டியது. வரம்பு 5 தான். பந்தயத்துக்காக மகன் மரத்தில் செய்த கத்தரிக்காய் வடிவ பொம்மைக் கார் கொஞ்சம் கனம்!

அடிவயிற்றில் துளைபோட்டு மரத்தூளைத் தட்டினான். 5.0. பின்பக்கம் ஒட்டியிருந்த ஈயத்தில் கைவைக்க விடவில்லை. சரிவில் பின்பாரம்தான் வேகம் தருமாம்.

இங்கே அமெரிக்காவில் கப் ஸ்கவுட் (இளம் சாரணர்) பிள்ளைகளுக்கு இன்று பைன்வுட் டெர்பி, அதாவது சரிவான தடத்தில் மரக் கார்களை ஓடவிடும் பந்தயம். எல்லாருக்கும் ஒரே பொருள்: பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி. மோட்டார் கிடையாது.

1953இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்ற அப்பா இதைத் தொடங்கினார். பிள்ளைகளே ஏறி உட்கார்ந்து சரிவில் ஓட்டும் சோப்புப் பெட்டி வண்டிப் பந்தயத்துக்கு அவர் மகனுக்கு வயது போதவில்லை. அப்பா வேறு பந்தயமே கண்டுபிடித்துவிட்டார்!

வேகமான கார்களெல்லாம் ஒரே ஆப்பு வடிவம். அப்பாக்கள் இழைத்தது என்று பார்த்தாலே தெரிகிறது. எனக்குப் பிடித்தது ஒரு சிறுமியின் சீஸ் துண்டு கார்தான். ஓட்டுநர், காது கோணலான எலி.

கத்தரிக்காய் கடைசிக்கு முந்தின இடம். பையனுக்குக் கவலையே இல்லை.

அடுத்த வருஷம் முருங்கைக்காயாம். சரி, ஆனால் நீளம் 7 அங்குலம்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.