கார்டு வாங்கப் போய் கேபினெட்டை அளந்த கதை

நாலு வருஷமாக என்னிடம் உழைத்த ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். 4 ஜிபி மெமரியை வைத்துக்கொண்டு புது கேம்களில் டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தெளிவை) மீடியத்துக்கு ஏற்றினாலே படம் திக்கித் திக்கி வந்தது.

கையிலிருந்த காசுக்கு 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060, இல்லையென்றால் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060. வேகத்தில் 4060தான் முன்னால், கரண்டும் 115 வாட்தான், 3060-க்கு 170. ஆனால் 4060-க்கு பிசிஐஇ லேன் (கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதை) எட்டுதான், என்னுடையதோ பழைய பி450 மதர்போர்டு, அதில் இருப்பது முந்தைய தலைமுறை பிசிஐஇ 3.0, அதனால் கார்டுக்குக் கிடைக்க வேண்டிய பாதையில் பாதிதான் கிடைக்கும், 8 ஜிபி நிரம்பி கம்ப்யூட்டரின் ரேமைத் தேடி ஓடும்போது அது நன்றாகவே உறைக்கும். எனக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலையும் உண்டு, அதற்கு மெமரி கூடுதலாக இருந்தால் நல்லது. சரி, 3060 என்று முடிவு.

அப்புறம்தான் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். என் 1650 மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து வரும் 75 வாட்டிலேயே ஓடியதால் தனி பவர் கேபிளைத் தேட வேண்டியதே வரவில்லை. 3060-க்கு அது வேண்டும். பார்த்தால், எட்டு பின் பவர் கேபிள் வாங்கியபோது போட்ட டேக்கோடு தூசிக்குள் சுருண்டு கிடந்தது, நிம்மதி. ஸ்கேல் வைத்து அளந்தால் ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை 27 செ.மீ.தான்! நீளமான மூன்று ஃபேன் மாடல் ஆசை அங்கேயே போயிற்று, இரண்டு ஃபேன் மாடல்தான் வாங்கினேன்.

பழைய கார்டைத் தம்பி அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டான்.