மூன்று பெயரில் கிடந்த ஒரே ஆள்

பேராசிரியர் பதவியுயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது கற்பித்தல், ஆய்வு, பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பணி என்று பகுதி பகுதியாகப் பிரித்து, நாமே நமக்குப் புள்ளி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இணைக்க வேண்டும். கற்பித்தல் பகுதி நேர அட்டவணையோடும் மாணவர் மதிப்பீட்டோடும் முடிந்துவிடும். மற்றப் பணிகளுக்குக் கடிதங்கள் இருக்கும். ஆளை வாட்டி எடுப்பது ஆய்வுப் பகுதிதான். எங்கள் பீடத்தில் இன்னும் சிலர், முக்கியமாகப் பெண்கள், அடுத்தடுத்து விண்ணப்பிக்க இருக்கிறார்கள். ஒவ்வொருவராக வந்து கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் கல உயிரியல் ஆள். மதுவக் (ஈஸ்ட்) கலத்தில் புன்வெற்றிடம் என்ற பை போன்ற உறுப்பு என்ன செய்கிறது, பட்டினி கிடக்கும்போது கலம் தன்னுடைய உறுப்புகளையே எப்படித் தின்று சமாளிக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கலாநிதிப் பட்டம் ஜப்பானில். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய பிறகு, அளவெட்டி, பண்டத்தரிப்புப் பக்கம் எடுத்த பனங்கள்ளிலிருந்து பிரித்த மதுவங்களோடு அதே கேள்வியைத் தொடர்கிறேன்.

முதல் சிக்கல் பெயர். கலியாணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்து, பிறகு கணவரின் முதலெழுத்து. இது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை. ஜப்பானில் ஆய்விதழ்காரர் குடும்பப் பெயர் கேட்டார்கள். கடவுச்சீட்டைப் பார்த்து அப்பாவின் முழுப்பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, என் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அதனால் உலக அளவில் எல்லோரும் பார்க்கிற ஒரு தரவுத்தளத்தில் நான் மூன்று பேர். அப்பாவின் பெயரில் ஒருத்தி, அப்பாவின் முதலெழுத்தோடு ஒருத்தி, கணவரின் முதலெழுத்தோடு ஒருத்தி. மூவருக்கும் தனித்தனி மேற்கோள் கணக்கு (மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் நம் கட்டுரையைச் சுட்டிய தடவைகள்), தனித்தனி எச்-இன்டெக்ஸ்.

எச்-இன்டெக்ஸ் 2005இல் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்த அளவு. கட்டுரைகளை மேற்கோள் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தி, எத்தனையாவது கட்டுரை வரை அந்த இலக்கத்துக்குக் குறையாத மேற்கோள் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஜப்பான்காரிக்கு 61, 40, 22, 11, 8 என்று ஐந்து கட்டுரை, எச்-இன்டெக்ஸ் 5. யாழ்ப்பாணக்காரிக்கு 15, 9, 6, அவளுக்கு 3. இளமாணிக் காலத்து ஆய்வில் வந்த ஒரே கட்டுரைக்கு 3 மேற்கோள், அவளுக்கு 1. கந்தோரில் ஒருவர், “மடம், அஞ்சும் மூண்டும் ஒண்டும் ஒன்பது தானே, ஒன்பதெண்டே போடுங்கோவன்” என்றார். அப்படிக் கூட்ட வராது. ஒன்பதையும் ஒரே வரிசையில் அடுக்கினால் 61, 40, 22, 15, 11, 9, 8, 6, 3. ஏழாவதற்கு 8 இருக்கிறது, எட்டாவதற்கு 6 தான். ஆக 7. ஐந்து என்று தனியே தெரிவதற்கும் ஏழு என்று சேர்ந்து தெரிவதற்கும் உள்ள வித்தியாசம், என்னைத் தெரியாத வெளி மதிப்பீட்டாளர் ஒருவருக்குச் சின்ன விஷயமில்லை.

தரவுத்தளத்தில் மூவரையும் ஒன்றாக்கச் சொல்லித் திருத்தப் படிவம் இருக்கிறது. எந்த எந்தக் கட்டுரை எனது என்று தெரிவு செய்து அனுப்பினால், அவர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். உடனே நடக்காது. ஆகவே விண்ணப்ப முடிவுத் திகதிக்குக் கிட்ட வைத்து இதைத் தொடங்கவே கூடாது. பல்கலைக்கழகப் பக்கத்துக்கு வேறு ஆதாரம் தேவைப்பட்டது. மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, விவாகப் பதிவுப் பிரதியோடு விண்ணப்பக் கோவையில் வைத்தேன். கட்டுரையில் கிடக்கும் பெயர் என்னுடையதுதான் என்று சத்தியம் பண்ண வேண்டிய நிலை ஆண்களுக்கு வருவதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

ஓர்சிட் எண் எடுத்தது நல்ல உதவி. ஆய்வாளர்களுக்காக 2012இல் தொடங்கிய இலவசப் பதிவு அது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. பழைய பெயர்களையும் மறுபெயர்களாக அதிலேயே சேர்க்கலாம். பதினாறு இடங்கள், நாலு நாலாகப் பிரிந்திருக்கும். என்னுடையது எக்ஸ் என்ற எழுத்தில் முடிகிறது. படிவத்தைச் சரிபார்த்த தம்பி, “மடம், கடைசி இலக்கம் தெரியாமல் எக்ஸ் போட்டிருக்கிறியளோ?” என்று கேட்டார். கடைசி இடம் மற்ற இலக்கங்கள் சரியாகத் தட்டப்பட்டதா என்று சோதிக்கக் கணக்கிட்டுப் போடுவது. கணக்கு 10 என்று வந்தால் ஓரிடத்தில் அடக்க எக்ஸ் போடுவார்கள். அதை விளங்கப்படுத்தியும் அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. திரையில் காட்டிய பிறகுதான் முத்திரை குத்தினார்.

அடுத்தது, எனக்குச் சொந்தமில்லாத கட்டுரைகள். தானாகவே கட்டுரை சேர்த்துத் தரும் ஒரு தளத்தில், என் பெயரும் முதலெழுத்தும் உள்ள ஒரு கட்டடப் பொறியியலாளரின் கொங்கிறீற்று ஆய்வுகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நல்ல மேற்கோள். எடுத்துவிட்டால் என் மொத்தம் விழும். எடுக்கத்தான் வேண்டும். விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கல உயிரியலாளர் கொங்கிறீற்றின் அமுக்க வலிமை பற்றி எழுதியதை மதிப்பீட்டாளர் ஒருவர் கண்டால், மிச்சம் முழுவதையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்.

உள்ளூர் வெளியீடுகள் வேறு கதை. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின் வருடாந்த அமர்வுகளில் வாசித்த பழைய சுருக்கங்களுக்கு அச்சுப் புத்தகம் மட்டுமே ஆதாரம். மேற்கோள் எண்ணும் எந்தத் தளத்திலும் அவை எனக்கு அகப்படவில்லை. நூலகத்தில் எடுத்து, அட்டை, பொருளடக்கம், என் பக்கம் மூன்றையும் ஸ்கான் பண்ணினேன். அட்டை இல்லாமல் உள்பக்கம் மட்டும் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். இணை ஆசிரியர்களிடம் பங்களிப்பு வீதம் போட்டுக் கையெழுத்து வாங்குவதும் இருந்தது. ஒருவர் மெல்பேர்னில், ஒருவர் டொரொன்டோவில். கையெழுத்துகள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்த பகுதி, பயந்த பகுதியும் அதுதான், ஆய்வின் தாக்கம் பற்றி எழுதும் அறிக்கை. எண்களைத் திரும்ப எழுதுவதில் பயனில்லை, அவை ஏற்கெனவே படிவத்தில் இருக்கின்றன. ஆகவே என்னை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை எடுத்து, ஏன் காட்டினார்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். பின்னேரங்களில் ஆய்வுகூடம் அடங்கிய பிறகு பென்சிலோடு உட்காருவேன்.

61 மேற்கோள் உள்ள கட்டுரை, மதுவத்தின் புன்வெற்றிடச் சவ்வுக்குச் சாயமேற்றும் முறையில் நாங்கள் செய்த சிறு மாற்றம் பற்றியது. மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலானோர் முறையியல் பகுதியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். எங்கள் முடிவுகளை அவர்கள் வாசித்ததாகவே தெரியவில்லை. இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. புரத அளவைக் கணிக்க லோரி 1951இல் எழுதிய கட்டுரை 3 இலட்சத்துக்கு மேல் மேற்கோள் பெற்றது. ஜெல்லில் புரதங்களைப் பிரிக்க எல்லோரும் காட்டும் லெம்லியின் 1970 கட்டுரை, உண்மையில் ஒரு வைரசின் தலை எப்படி அமைகிறது என்பது பற்றியது. அந்த வைரசுக்காக அதைத் தேடிப் போகிறவர்கள் சொற்பம். முறை பரவுவதும் தாக்கம்தான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பு என்று அறிக்கையில் எழுதினால் பொய்.

மறுபக்கம் ஜப்பானியக் கல உயிரியலாளர் ஒசுமி. ஒட்டோபஜி, அதாவது கலம் தன்னையே தின்பது, பற்றிய அவருடைய முதல் முக்கியக் கட்டுரை 1992இல் வந்தது. பட்டினி போட்ட மதுவத்தின் புன்வெற்றிடத்துக்குள் சிறு உருண்டைகள் சேர்வதைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தொடங்கிய வேலை. அந்தக் காலத்தில் இந்தத் துறையில் ஆட்களே குறைவு. மேற்கோள் காட்ட ஆளிருந்தால்தானே மேற்கோள் வரும். நோபல் பரிசு 2016இல். இதை அறிக்கையில் எழுதவில்லை, எழுதினால் நான் என்னை அவரோடு ஒப்பிடுவதாகப் போய்விடும். ஆனால் சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தைக் குறிப்பிட்டேன். 2012 டிசம்பரில் அமெரிக்கக் கல உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் பேசித் தொடங்கி, அடுத்த வருடம் மே மாதம் வெளியானது அது. ஆய்விதழின் தாக்கக் காரணியை (அதில் வரும் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளை) வைத்து அதில் எழுதிய ஆளையும் அவருடைய கட்டுரையையும் எடை போடாதீர்கள் என்று கேட்டது. நம்முடைய துறைக்காரர் தொடங்கி வைத்ததை நாமே எடுத்துக்காட்டாவிட்டால் வேறு யார் காட்டுவது?

9 மேற்கோள் மட்டுமே உள்ள கள்ளு மதுவக் கட்டுரைக்குத்தான் அறிக்கையில் அதிக இடம் கொடுத்தேன். ஒன்பதில் இரண்டு என்னுடைய மாணவர்களுடையவை. அதை மறைக்காமல் எழுதினேன். ஒன்று எங்கள் முடிவை ஒரு பந்தி முழுக்க எடுத்துப் பேசும் மீளாய்வு. இன்னொன்று எங்கள் முடிவு தங்களுக்கு வரவில்லை என்று எழுதியது. “இதைப் போய் ஏன் சேர்க்கிறாய்?” என்று மூத்த பேராசிரியை ஒருவர் கேட்டார். ஒருவர் மினக்கெட்டு அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார், அதைவிட நெருக்கமாக யாரும் அந்தக் கட்டுரையை வாசிக்கவில்லை என்றேன். அக்கா தலையை ஆட்டினார், சம்மதித்ததாகத் தெரியவில்லை. தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழக மாணவிக்கு இரண்டு மதுவ வகைகளைக் கொடுத்ததையும் எழுதினேன். அவளுடைய கட்டுரையில் நன்றி சொல்லியிருக்கிறாள். நன்றியை எந்தத் தளமும் எண்ணுவதில்லை.

பிறகு பரமேஸ்வரச் சந்திப் பக்கம் போட்டோகொப்பி, பைண்டிங். கோவை கையில் தூக்க முடியாத தடிப்பு. கொடுத்தாயிற்று. வெளி மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகள் வந்து சேர நெடுநாள் பிடித்தது. இடையில் யாரையும் கேட்கவும் முடியாது, அவர்கள் யார் என்று நமக்குச் சொல்லமாட்டார்கள்.

நேர்முகத்தில் எச்-இன்டெக்ஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெரும்பகுதி நேரம் போனது அந்த மறுப்புக் கட்டுரையில்தான். ஏன் அவர்களுக்கு வரவில்லை என்று ஒருவர் கேட்டார். அவர்கள் வழமைபோல் 30 பாகையில் வளர்த்திருக்கிறார்கள், நாங்கள் வெயிலில் தொங்கும் கள்ளு முட்டியை மனதில் வைத்து 34 பாகையில் வளர்த்தோம், வித்தியாசம் அங்கே இருக்கலாம் என்று சொன்னேன். “இருக்கலாமோ, பார்த்தீர்களோ?” என்றார். இன்னும் பார்த்து முடியவில்லை என்றேன். பதவியுயர்வுக் கடிதம் வந்தபோது என் மாணவி இரண்டு வெப்பநிலையிலும் தட்டுகளைப் போட்டு முடித்திருந்தாள். 34இல் வருகிறது. 30இல் மூன்று வகையில் ஒன்றுக்கு மட்டும் வருகிறது, ஏன் அந்த ஒன்றுக்கு மட்டும் என்று இப்போது பிடிபடாமல் இருக்கிறோம்.