பேச்சை ஒத்திப்போடும் ஐந்து நாட்கள்

புதிய வசதி ஒன்றை உருவாக்கலாமா என்ற கேள்வி எழும்போது, பெரும்பாலான குழுக்கள் அதைக் கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்கவே முயல்கின்றன. பேச்சில் வல்லவரோ பதவியில் மூத்தவரோ சொன்னது முடிவாகிவிடுகிறது. அது சரியா என்பது பல மாத உழைப்புக்குப் பிறகே தெரியவருகிறது. வடிவமைப்பாளர் ஜேக் நாப் 2010இல் கூகுளில் உருவாக்கி, பின்னர் அதன் முதலீட்டுப் பிரிவான கூகுள் வென்ச்சர்ஸில் சக பணியாளர்களோடு செப்பனிட்ட டிசைன் ஸ்பிரிண்ட் என்ற ஐந்து நாள் செயல்முறை, திங்களன்று சிக்கலை வரையறுத்து வெள்ளியன்று பயனர் முன் ஒரு முன்மாதிரியை வைத்துவிடச் சொல்கிறது. வடிவமைப்பாளராகவும் பின்னர் நெறியாளராகவும் இதில் பங்கேற்றவன் என்ற முறையில், அதன் பலம் எல்லோரும் புகழும் வேகத்தைவிட, வாய்ப்பேச்சைத் தக்க நேரம்வரை ஒத்திப்போடுவதில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இதற்கு நல்ல சான்று. ஒரு தாளை எட்டாக மடித்து, நிமிடத்துக்கு ஒன்றாக எட்டு வடிவங்களை ஒவ்வொருவரும் தனியாக வரைய வேண்டும். பிறகு அவற்றில் தேறியதை விரிவான தீர்வாக வரைந்து, பெயர் எழுதாமல் ஒப்படைக்க வேண்டும். மறுநாள் அவை சுவரில் ஒட்டப்படும்போது, எல்லோரும் வாய் திறக்காமல் படித்து, பிடித்த பகுதிகளில் வண்ணப் பொட்டுகளை ஒட்டுவார்கள். வரைந்தவருக்குக் கடைசியில்தான் பேச வாய்ப்பு. மருத்துவரிடம் முன்பதிவு செய்யும் செயலிக்கான ஒரு ஸ்பிரிண்டில், வடிவமைப்பாளர்களின் அழகான திரைகள் எல்லாம் மருத்துவப் பிரிவுகளின் பட்டியலோடு தொடங்கின. கோணல்மாணலாகக் கட்டங்கள் போட்டிருந்த ஒரு தாள் மட்டும் ‘உங்களுக்கு என்ன தொந்தரவு?’ என்று தொடங்கியது. அதை வரைந்தவர், தொலைபேசியில் நோயாளிகளுக்குப் பதில் சொல்லும் உதவிப் பிரிவு ஊழியர். கூட்டங்களில் அவர் குரல் எழுந்து நான் கேட்டதில்லை. அன்று பொட்டுகள் பெரும்பாலும் அவர் தாளிலேயே குவிந்தன.

ஆனால் பொட்டுகள் கருத்துகள் மட்டுமே; இறுதி முடிவு, முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஒருவருடையது. அவர் அறையில் இல்லாத ஸ்பிரிண்டை ஒத்திவைப்பதே மேல் என்பேன், ஏனெனில் அடுத்த வாரம் அவர் வந்து முதலிலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கினால் ஐந்து நாள் உழைப்பும் கரைந்துவிடும்.

வியாழக்கிழமை செய்யும் முன்மாதிரி வெறும் முகப்புதான்; திரைகள் மட்டும் இருக்கும், பின்னால் எதுவும் இயங்காது. அதற்கு ஸ்லைடு மென்பொருளே போதும். எழுத்துகள் மட்டும் உண்மையானவையாக இருக்க வேண்டும், ஏனெனில் பயனர்கள் இடறுவது பெரும்பாலும் சொற்களில்தான்.

வெள்ளியன்று ஐந்து பயனர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவர் பேட்டி எடுக்க, குழு வேறோர் அறையில் நேரலையாகப் பார்த்துக் குறிப்பெடுக்கும். ஐந்து பேர் போதுமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் ஐந்து பேரிலேயே வெளிப்படும் என்ற, பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் கணக்கு, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொணர்வார் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. அதை விதியாகக் கொள்ளாமல் வழிகாட்டியாகக் கொள்வது நல்லது. அந்த முன்பதிவு முன்மாதிரியில் தொந்தரவைக் கேட்கும் திரையை எல்லோரும் தயங்காமல் கடந்தார்கள். கடைசித் திரையில் ‘உறுதி செய்க’ என்ற பொத்தானுக்கு மேல் ஒரு பெண்ணின் விரல் அப்படியே நின்றது. “இதை அழுத்தினால் இப்போதே பணம் எடுத்துவிடுவார்களா?” என்று கேட்டார். கட்டணத்தை மருத்துவமனையில்தான் செலுத்த வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அதைத் திரையில் எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இத்தகைய சோதனை, பயனருக்குப் புரிகிறதா, எங்கே தயங்குகிறார் என்பதைச் சொல்லும். அவர் காசு கொடுத்து வாங்குவாரா, அடுத்த மாதமும் திரும்பி வருவாரா என்பதைச் சொல்லாது. பேட்டியில் “நன்றாக இருக்கிறது” என்பவர்களின் சொல்லைத் தேவைக்கான சான்றாக எடுத்துக்கொண்டு திட்டம் தீட்டும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலர், திங்களன்று அந்த முகப்பைப் பொறியாளர்களிடம் கொடுத்து, இதையே கொஞ்சம் மெருகேற்றி வெளியிடலாமே என்பார்கள். அதற்குப் பின்னால் தரவுத்தளமும் இல்லை, ஒரே நேரத்தை இருவர் பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கான ஏற்பாடும் இல்லை. அந்த வேலைக்கான கால அளவைப் பொறியாளர்கள் தனியாகக் கணித்துச் சொல்லியாக வேண்டும்.