அந்த ஒன்றரை நிமிடம் யார் கணக்கில்?

"கம்ப்யூட்டர் மெதுவாக எழும்புவதற்கும் இந்தப் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை, அண்ணாச்சி." பழுது பார்க்கப் போன இடத்தில் கடை முதலாளியிடம் நான் சொன்ன செய்தி சரி. சொன்ன இடம்தான் இன்னும் உறுத்துகிறது. பிராஜெக்ட் அச்சடிக்க வந்த மாணவர்கள் சுற்றி நின்றார்கள். கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணும் அங்கேயேதான் இருந்தாள்.

பாளையங்கோட்டையில் கல்லூரிகளை நம்பி நடக்கும் ஜெராக்ஸ் கடை. பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்துகொண்டே இருந்ததால் விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்துக்கு மாறினார்கள். பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருந்ததால், ஒரு மெக்கானிக் வெளியே யுஎஸ்பி ஒயரில் செருகும் எஸ்எஸ்டியில் (வேகமான புது வகை டிஸ்க்) லினக்ஸை ஏற்றிவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து காலையில் திரை வர இரண்டு நிமிடத்துக்கு மேல். ஒயரை மாற்றி மாற்றிச் செருகி அவள்தான் கெடுத்துவிட்டாள் என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு.

அதையும் பார்க்காமல் விட முடியாது. யுஎஸ்பி 2.0 விநாடிக்கு 480 மெகாபிட், 3.0 என்றால் 5 கிகாபிட். பழைய துளையில் செருகினால் எஸ்எஸ்டியும் தளர்ந்துதான் நடக்கும். ஆனால் ஒயர் 3.0-க்கான நீலத் துளையில்தான் இருந்தது. லோகோ வந்ததும், பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க எஸ்கேப் விசையை அழுத்தினேன். ஒரு டிஸ்க்கின் நீண்ட அடையாள எண். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓட, விநாடிகள் ஏறி ஒன்றரை நிமிடத்தைத் தொட்டன. லினக்ஸை ஏற்றியபோது, உள்ளே இருந்த பழைய டிஸ்க்கின் ஸ்வாப் பகுதியையும் (நினைவகம் போதாதபோது உதவும் இடம்) இன்ஸ்டாலர் தானாகவே எஃப்எஸ்டேப் கோப்பில், அதாவது தொடங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலில், எழுதிக்கொண்டது. டிஸ்க் போய்விட்டது, வரி போகவில்லை. லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி தன் வழக்கமான கெடுவான 90 விநாடியும் காத்திருந்துவிட்டுத்தான் மேலே நகர்ந்தது. அந்த வரி செயல்படாதபடி அதன் முன் ஹாஷ் குறி போட்டேன். உறக்க நிலையிலிருந்து மீள்வதற்கான ரெஸ்யூம் அமைப்பிலும் அதே எண் இருந்தது. அதையும் நீக்கி, தொடக்கத்தில் முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தேன். அடுத்த முறை அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிட்டது.

அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன செய்து வைத்திருந்தாள்?" என்றார். என்ன கோளாறு என்று கேட்டிருந்தால் கோளாறை மட்டும் சொல்லியிருப்பேன். அவர் அவளைப் பற்றிக் கேட்டார். நானும் அவளைப் பற்றியே பதில் சொன்னேன்.

"அவளை நான் ஒன்றும் சொல்லவில்லையே, தம்பி" என்று பணத்தை எண்ணி வைத்தார். அவள் ஸ்பைரல் கம்பியைத் துளைகளில் சுழற்றி ஏற்றிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

பிறகு வேறு வேலையாக அந்தக் கடைக்குப் போனபோது அவள் இடத்தில் ஒரு பையன் இருந்தான். "வேறு இடம் பார்த்துக்கொண்டாள்" என்றார் அண்ணாச்சி. நல்ல சம்பளத்துக்கே போயிருக்கலாம். இந்த மாதிரிக் கடைகளில் ஆள் மாறுவது புதிதல்ல. என் பேச்சை அதோடு முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை. போடாமலும் இருக்க முடியவில்லை.

பேசாமல் சரிசெய்துவிட்டு வந்திருந்தால், வெளியாள் வந்து சரியாக்கும்படி அவள் எதையோ கெடுத்தாள் என்றே அந்தக் கடையில் நிலைத்திருக்கும். கோளாறைக் கண்டுபிடித்தவன் காரணத்தைச் சொல்லாமல் போவது பாதி வேலை. அதே சமயம், நான் வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். கடை மூடும்வரை அவரோடு நிற்பவள் அவள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவர் முகம் கோணியிருக்காது. ஆனால் பழி விழுந்தது பலர் முன்னால். அது விலகியது மட்டும் இரண்டு பேருக்குள் முடிவது என்ன நியாயம்? இந்த இடத்துக்கு வந்ததும் நான் சொன்னது சரி என்று தோன்றும். உடனே அந்தப் பையன் உட்கார்ந்திருந்த நாற்காலியும் நினைவுக்கு வந்துவிடும்.

இப்போது பில்லிலேயே காரணத்தை எழுதிவிடுகிறேன்: கழற்றிய டிஸ்க்கின் பதிவு நீக்கப்பட்டது, உபயோகித்தவர் தவறு இல்லை. பில்லை வாங்கி மடித்து வைப்பது முதலாளிதான். அதனால் கணினியில் உட்காருபவரிடமும் வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். முதலாளி பக்கத்தில் இருக்கும்போது சொல்வதா, அவர் நகர்ந்த பிறகா என்பது மட்டும் கடைக்குக் கடை மாறுகிறது.