தங்கத்துல காந்தம் தேடுன கதை

ஜூன் 3
இன்னைக்கு தங்க நானோ துகள் ரெடி, இது காந்தமா மாறுதான்னு பாக்கணும். டொலுவீன்ல தங்க குளோரைடு, அதுல டோடெகேன்தையால் (துகள் மேல ஒட்டிக்கிற கந்தகச் சேர்மம்), கடைசியா போரோஹைட்ரைடு கரைசலை ஊத்துனதும் டிகாக்‌ஷன் மாதிரி கருத்துப்போச்சு. சிவப்பா வந்திருந்தா துகள் பெருசாயிடுச்சுன்னு அர்த்தம், நல்லவேளை வரல.

ஜூன் 9
ஸ்க்விட்ல, அதான் ரொம்ப நுணுக்கமா காந்தத்தை அளக்குற மெஷின்ல, ஸ்லாட் ஒருவழியா கிடைச்சுது. சாதாரண தங்கம் காந்தப்புலத்தை லேசா எதிர்க்கும், கிராஃப்ல சாஞ்சு இறங்குற நேர்கோடுதான் வரணும், ஆனா எனக்கு நடுவுல குட்டியா ஒரு லூப், நிரந்தர காந்தத்தோட அடையாளம்! ரூம் டெம்பரேச்சர்லயும்! 2004ல மாட்ரிட்ல கிரெஸ்போ குழு 1.4 நானோமீட்டர் துகள்ல பாத்தது இதேதான். ஒரு துகளுக்கு நூறு அணுகூட தேறாது, பாதிக்கு மேல வெளிப்பக்கம், அதுல ஒட்டுற கந்தகம் தங்கத்தோட எலக்ட்ரானை இழுக்குது, நிரம்பியிருந்த டி-பேண்ட்ல (எலக்ட்ரான் இருக்குற ஒரு அடுக்கு) ஓட்டை விழுது, அதுலதான் காந்தம் வருதுன்னு அவங்க விளக்கம். தூக்கமே வரல.

ஜூன் 10
லேப்ல சீனியர் அக்கா கிராஃபைப் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "சாம்பிளை எந்த ட்வீசர்ல (இடுக்கில) எடுத்த தம்பி?"
ஸ்டீல்.
அதுலேர்ந்து இரும்பு ஒட்டியிருந்தா அந்த லூப் தங்கத்தோடதே இல்ல. காந்தமே இருக்கக்கூடாத ஹாஃப்னியம் ஆக்சைடு கதையில இதான் நடந்துச்சாம், 2004ல காந்தம்னு பேப்பர், அடுத்த வருஷமே இன்னொரு குழு ஸ்டீல் ட்வீசர் பட்டாலே அந்த மாதிரி சிக்னல் வருதுன்னு காட்டிட்டாங்க. கணக்கு போட்டேன்: ஒரு மைக்ரோகிராம் இரும்பு கிட்டத்தட்ட 0.0002 இஎம்யூ (காந்த அளவோட யூனிட்) காட்டும், மெஷின் அதுல ஆயிரத்துல ஒரு பங்கையே பிடிச்சிடும். அடப்பாவி.

ஜூன் 12
ராத்திரி பூரா பேப்பர்தான். ரோடியம்ங்கிற உலோகமும் சாதாரணமா காந்தம் இல்ல, ஆனா குட்டிக் கொத்தா இருந்தா காந்தம்ங்கிறதுல யாரும் வாய் திறக்க முடியாது, 1993ல பன்னிரண்டுலேர்ந்து முப்பத்திரண்டு அணு வரைக்கும் உள்ள கொத்துகளை வெற்றிடத்துல கற்றை மாதிரி பாய விட்டு காந்தத்தால விலக்கியே பாத்திருக்காங்க, அங்க ட்வீசருக்கு என்ன வேலை. தங்கத்துக்கும் ஜப்பான்ல யமமோட்டோ குழு எக்ஸ்ரேயை தங்க அணு உறிஞ்சுற எனர்ஜிக்கே ட்யூன் பண்ணி காந்தத்தை அளந்தாங்க, பக்கத்துல இரும்பு இருந்தாலும் அது அந்தக் கணக்குல வராது. அது நம்ம வசதிக்கு எட்டாது.

ஜூன் 18
காலி கேப்சூல் ரெண்டு. ஒண்ணை பிளாஸ்டிக் ட்வீசர்ல எடுத்தேன், இன்னொண்ணை அதே பழைய ஸ்டீல்ல. முதல்ல வச்சது நேர்கோடு. ரெண்டாவதுல என் லூப், அப்படியே!

ஜூன் 19
மறுபடி தங்கம், இந்த தடவை எல்லாமே பிளாஸ்டிக். ஸ்லாட் ரெண்டு வாரம் கழிச்சுதான். ஸ்டீல் ட்வீசரை அக்கா மேல் ஷெல்ஃப்ல எறிஞ்சுட்டாங்க.