வெள்ளை சாக்லேட்டும் சாக்லேட்தான், லேபிளைப் படித்துவிட்டு வாங்கினால்

"பழுப்பாக இல்லை, அதனால் சாக்லேட்டே இல்லை" என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். வறுத்த கோகோ விதையை அரைத்து அழுத்தினால் கொழுப்பு தனியாக, சக்கை தனியாகப் பிரியும். சக்கைதான் கோகோ பவுடர். கொழுப்புதான் கோகோ பட்டர். எந்த சாக்லேட்டும் வாயில் போட்டதும் கரைவது இந்தக் கொழுப்பால்தான். சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். வெள்ளை சாக்லேட்டில் இருப்பது இதுவே. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிகளின்படி கோகோ பட்டர் குறைந்தது 20%, பால் திடப்பொருள் 14% இருக்க வேண்டும்.

கோகோ பட்டருக்குப் பதில் பாமாயிலோ ஹைட்ரஜனேற்றிய கொழுப்போ போட்டிருப்பதாக லேபிள் சொன்னால் அது காம்பவுண்ட், அதாவது சாக்லேட் போன்ற மாற்றுப் பொருள். நாக்கில் மெழுகாக ஒட்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாசனை நீக்கிய கோகோ பட்டரும் வெளிறித்தான் இருக்கும்.

உருக்கும்போது கவனம் தேவை. பாலும் சர்க்கரையும் அதிகம் என்பதால் 45 டிகிரியைத் தாண்டினால் கட்டிதட்டும், தீய்ந்த வாடை வரும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு மேலே பாத்திரத்தை வையுங்கள். உள்ளே சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் இறுகிவிடும்.

கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) செய்ய டார்க் சாக்லேட்டுக்குச் சம அளவு கிரீம் போதும். வெள்ளைக்கு அதே கணக்கில் ஊற்றினால் கெட்டிப்படாது. 300 கிராம் வெள்ளை சாக்லேட்டுக்கு 100 கிராம் கிரீம்தான்.