எக்ஸ்ரே நார்மல், வலி மட்டும் போகவில்லை

கையை ஊன்றி விழுந்தவர் "எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான்" என்ற பதிலோடும் கிரேப் பேண்டேஜோடும் வீட்டுக்குப் போகிறார். மூன்று மாதம் கழித்து, எதையும் அழுத்திப் பிடிக்க முடியவில்லை என்று திரும்பி வருகிறார். படத்தில், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கச் சிறு எலும்பான ஸ்காஃபாய்டு ஒட்டாமல் இரண்டு துண்டாக நிற்கிறது. எலும்பு சிகிச்சைப் பிரிவில் பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சிதான். எரிச்சல் மட்டும் குறைவதில்லை. முதல் நாளே ஒரு விரலால் சரியான இடத்தில் அழுத்தியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

கோலிஸ் முறிவை யாரும் தவறவிடுவதில்லை. முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸின் கீழ்முனை, மணிக்கட்டு மூட்டிலிருந்து சுமார் 2.5 செ.மீ.க்குள் உடைந்து புறங்கைப் பக்கம் தள்ளி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் முள்கரண்டி வளைவு. ஸ்மித் முறிவில் துண்டு உள்ளங்கைப் பக்கம் போயிருக்கும். லேசாக நகர்ந்தவைதான் கண்ணை ஏமாற்றும். அப்போது இரண்டு ஸ்டைலாய்டுகளையும், அதாவது முன்கை எலும்புகள் மணிக்கட்டின் இரு பக்கமும் கூராக முடியும் நுனிகளை, தொட்டுப் பாருங்கள். ரேடியஸ் பக்க நுனி சுமார் 1 செ.மீ. விரல்களை நோக்கி இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் ரேடியஸ் குறுகிவிட்டது. மறு கையையும் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். கட்டை, ஆள்காட்டி, நடுவிரல் மரத்திருக்கிறதா என்று மாவுக்கட்டுக்கு முன்பே பார்த்து எழுதி வையுங்கள். அந்த விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு நசுங்கியதைக் கட்டுக்குப் பிறகு கண்டுபிடித்தால், அடியாலா கட்டாலா என்ற பஞ்சாயத்து தீராது.

இனி ஸ்காஃபாய்டு. கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் மணிக்கட்டில் தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். ஸ்னஃப்பாக்ஸ் என்பது அதுதான். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் லேசாகச் சாய்த்து அங்கே அழுத்துங்கள். ஓங்கி அழுத்தினால் நல்ல கையும் வலிக்கும், அதனால் இது மட்டும் போதாது. உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரல் மேட்டின் அடியில் துருத்தும் எலும்புப் புடைப்பையும் அழுத்துங்கள். பிறகு கட்டைவிரலை அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளுங்கள். மூன்றிலும் வலித்தால் படம் என்ன சொன்னாலும் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே சீட்டில் 'மணிக்கட்டு' என்று மட்டும் எழுதினால் வழக்கமான கோணங்கள்தான் வரும். 'ஸ்காஃபாய்டு வியூ' என்று கேட்க வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் மணிக்கட்டை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி பரிசோதித்துப் படம் எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ கிடைத்தால் காத்திருக்கத் தேவையில்லை. இவ்வளவு பிடிவாதம் எதற்கு? இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினியில் செத்துப்போகலாம்.

மட்டையோ ராக்கெட்டோ பிடிப்பவருக்குச் சுண்டுவிரல் மேட்டின் அடியில் வலித்தால் அங்குள்ள ஹேமேட் எலும்பின் கொக்கி உடைந்ததா என்று சந்தேகியுங்கள். வீக்கம் பெரிதாக இருந்தும் நேர்ப்படம் ஒழுங்காகத் தெரிகிறதா? பக்கவாட்டுப் படத்தில் ரேடியஸும் மணிக்கட்டின் சிறு எலும்புகளான லூனேட், கேபிடேட்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் அது மூட்டு விலகல், அவசரம்.

நகராத ரேடியஸ் முறிவிலும் ஒரு பொறி உண்டு. எல்லாம் சரியாகிவரும்போது, சில வாரங்கள் கழித்து, கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துபோகலாம். ஒவ்வொரு மறுவருகையிலும் உள்ளங்கையை மேசையில் பதித்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள்.